குரு வாராத காலத்துக் கோவில்

மாங்குளத்திலிருந்து மேற்கே செல்லும் தெருவில் மல்லாவியும் துணுக்காயும் அடுத்தடுத்து வருவன. அத்தெரு மேலும் சென்று வெள்ளாங்குளத்தில் மன்னார் பூநகரி வீதியோடு கூடும். பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் அயலிலே கிடக்கின்றது. தென்மேற்கே காட்டைக் கடந்தால் மருதமடு. இன்று முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த மல்லாவியைச் சூழ்ந்த மேற்கு வன்னி நிலம், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் பனங்காமப் பற்று என்னும் பெயரோடு வன்னியர் ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களுக்கு யானைகளைத் திறையாகச் செலுத்துவதே அவ்வன்னியரின் கடமை. அதற்கு மேல் அவர்களை அடக்கியாள ஒருவராலும் எளிதில் இயலவில்லை. 1697ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி ஸ்வார்டெக்ரூன் எழுதிய நினைவேட்டிலே பனங்காமத்து வன்னியர் ஒருவரின் பெயர் தொன் பிலிப்பு நல்லமாப்பாணன் என்று காணப்படுகின்றது. போர்த்துக்கேயர் போய் நாற்பது ஆண்டுகள் ஆன பின்னரும் காட்டு நாட்டுத் தலைவர் ஒருவர் அவர்கள் தந்த பெயரைச் சுமந்திருந்தார். பெயர் நின்றது சரி. அப்பெயரோடு வந்த சமயம் நின்றதா, நின்றதாயின் எப்படி நின்றது என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் பொருள்.

வடபுலத்திற் கிறிஸ்தவ சமயம் பரவிய வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் குருமார் வந்த வரலாறாகவே அதனைச் சொல்வர். ஆனால் அவ்வரலாற்றின் மிக அரிய பகுதி குருமார் வாராத காலமாகும். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1687ஆம் ஆண்டில் யோசேவாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தில் அடி வைத்தார். இடையிலுள்ள இருபத்தொன்பது ஆண்டுகள், அதாவது ஒரு முழுத் தலைமுறைக் காலம், இந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு நிலையாக இருந்து பூசை செய்ய ஒரு குருவானவர் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. சாகும் வேளையில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஆளில்லை. இந்நிலையிலும் அச்சபை கலைந்து போகவில்லை.

கலைந்து போயிருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் விழுங்கிய பின் ஞானஸ்நானம் பெற்றவர் தொகை விரைந்து பெருகியது. உத்தியோகம், வரிச்சலுகை, அதிகாரியின் தயவு ஆகிய யாவும் அந்த நீரோடு சேர்ந்து கிடைத்தன. உள்ளம் மாறியவர் எத்தனை பேர், உடை மாற்றியவர் எத்தனை பேர் என்று எவராலும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. 1544ஆம் ஆண்டில் மன்னாரில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் வாளுக்கு இரையானோர் வேறு வகையினர். அவர்களுக்கு அந்நாளில் எவ்வித இலாபமும் இருக்கவில்லை. ஆனால் இலாபங்கருதி வந்தோரும் அவர்களுக்குப் பின் ஏராளமாக வந்தனர். ஆதலால் 1658 ஒரு பரீட்சை ஆண்டு. சலுகை தந்த கொடி இறங்கிவிட்டது. இனி இந்தச் சமயத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது தண்டம்.

ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டை விட்டு அகற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதித்தனர். கோவில்களைத் தம்முடைய சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றினர். பள்ளித் தோம்பு என்ற ஏட்டிலே பிள்ளையின் பெயரும் மணமக்களின் பெயரும் பதிவு பெற்றால்தான் முதுசொம்மிற்கு உரிமை கோரலாம் என்ற நிலை வந்தது. இதனால் ஊரார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினர், ஞாயிறுதோறும் போதகரின் பிரசங்கத்தையும் கேட்டனர். பின் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலையை எடுத்தனர். இதனை இரட்டை வேடம் என்று இகழ்வது எளிது. கூரையையும் காணியையும் காத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மந்திரங்களையும் மறவாது கற்பித்த அந்த ஏழைகளை இகழ எனக்கு மனம் வரவில்லை. சைவரும் அதே காலத்தில் அதே தோம்பில் அதே முறையிற் பெயர் பதிந்தனர் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்க. ஓர் ஊரின் இரு சாராரும் ஒரே வகையான துன்பத்தை ஒருங்கே அனுபவித்த காலம் அது.

வேறு சிலர் காட்டை நாடினர். மாந்தையிற் கோவில் கொண்டிருந்த தேவதாயின் திருச்சொரூபத்தை இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்தன என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த எழுநூறு பேரும் அக்காட்டிலேயே ஒதுங்கினர் என்றும், இரு சாராரும் மருதமடுவிற் கூடியதே இன்றைய மடுத் திருத்தலத்தின் தோற்றம் என்றும் மரபு கூறும். ஒல்லாந்தரின் கை எட்டாத இடத்தைத் தேடி வந்தோருக்கு வன்னியைப் போன்ற இடம் வேறில்லை. காட்டுக்காய்ச்சலும் யானையும் நிறைந்த அந்நிலத்தில் வரி வாங்கவே அதிகாரிகள் தயங்கினர். செபமாலை தேடி எவன் வரப்போகிறான்?

இத்தகைய சபையில் ஒற்றுமை என்பது பிரசங்கத்தில் மட்டும் கேட்கும் ஓர் அழகிய சொல்லன்று. ஓர் ஊரிலே செபம் நடக்கும் வீட்டை ஒருவன் காட்டிக்கொடுத்தாற் போதும், அவ்வூர் அழிந்தது. வேலிச் சண்டையும் சீதனச் சண்டையும் எந்த ஊரில் இல்லை? பகை கொண்ட அயலான் ஒருவன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அன்பு என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்களோ அறியோம். வாய் திறவாமல் இருந்தார்கள். வயது முதிர்ந்தவர் செபம் சொல்லிக் கொடுத்தார், தாய்மார் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தனர். ஆபத்து வேளையில் எந்தக் கிறிஸ்தவனும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதியாதலால், பிள்ளைகள் ஞானஸ்நானம் இன்றி வளர வேண்டியதில்லை.

இவர்களைத் தேடி வந்தவர் யார்? யோசேவாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி கோவையைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். நான் சொல்வது தமிழ்நாட்டுக் கோவையன்று. போர்த்துக்கேயர் தலைநகராய்க் கொண்டிருந்த கோவாப் பட்டினத்து நாடு. கொங்கணப் பிராமண குலத்திலே கிறிஸ்தவர்களாய் இருந்த குடும்பம் அது. 1676இற் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு, தம்மை மரியன்னைக்கு என்றென்றும் அடிமையாக எழுதிக் கொடுத்து ஒரு சாசனம் செய்து கையொப்பமிட்டார். அக்காலத்தில் ஆள்களை விலைக்கு வாங்கியும் விற்றும் எழுதிய அடிமை ஓலைகளைப் போலவே அதனை எழுதினார். பக்தியின் மிகுதியால் எழுதிய வெறும் வாசகம் என்று நாம் அதை ஒதுக்கியிருப்போம், பத்து ஆண்டுகளின் பின் அவர் நடந்துகொண்ட விதத்தை அறியாதிருந்தால்.

அக்காலத்து ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியக் குருமாரைத் தம்மிற் சேர்ப்பதில்லை. நிறத்தால் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட கோவைக் குருமார் சிலர் 1685இல் தமக்கென ஒரு சபையை அமைத்தனர். அதுவே ஒறற்றோரியன் சபை. யோசேவாஸ் அதன் தலைவரானார். இதிலே ஒரு முரண் உண்டு, அதை மறைத்துப் பேசுவதாற் பயனில்லை. வெள்ளையரால் வாசலில் நிறுத்தப்பட்ட அக்குருமார், தமது சபையின் வாசலைப் பிராமண வழி வந்த குருமாருக்கே திறந்துவைத்தனர். அத்தகைய சபையின் தலைவர்தாம் பூணூற் குலப் பெருமையையும் தலைமைப் பதவியையும் விட்டு, கூலியாளின் அரைத்துண்டோடும் வெறுங்காலோடும் தோணியேறினார்.

அவருடன் வந்தவர் யோவான் என்னும் ஒரு பணியாளர் மாத்திரமே. தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டுக் காற்றினால் அலைக்கழிந்து ஒருவாறு கரை சேர்ந்து யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அங்கே கடும் வயிற்றளைச்சல் கண்டு இருவரும் நடக்கவும் இயலாது கிடந்தனர். தெரிந்தவர் ஒருவரும் இல்லை; யார் என்று சொல்லவும் முடியாது. இரக்கங் கொண்ட ஏழைகள் ஊற்றிய கஞ்சியே அவர்களுக்கு உயிர் கொடுத்தது. கொடுத்தவருக்குத் தாம் ஒரு குருவானவரைக் காப்பாற்றுவதாக எண்ணமில்லை, ஒரு வழிப்போக்கனுக்குக் கொடுத்தார்கள். பின்னர் அவர் கழுத்தில் செபமாலையைத் தரித்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கலானார். பிச்சை பெறுவது ஒரு சாக்கு. அம்மாலையைக் கண்டு எந்த வீட்டாரின் கண் மாறுகின்றது என்று பார்ப்பதே நோக்கம். இவ்வாறே தம் மந்தையை அவர் கண்டுபிடித்தார். சொல்லப்போனால், மந்தை தன் மேய்ப்பனைக் கண்டுபிடித்தது என்பதே பொருத்தம்.

யாழ்ப்பாணத்தில் அவர் பெரிதும் தங்கியது சில்லாலை. பகலிற் பதுங்கி இரவிற் பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே பூசைக்குக் கூடிய மக்களை ஒல்லாந்தச் சேவகர் வளைத்துப் பிடித்தனர். குருவானவர் தப்பினார், மக்கள் அகப்பட்டனர். அவர்களிற் சிலர் அடிபட்டும், கோட்டையிற் சிறைவேலை செய்தும் உயிர் விட்டனர். இந்நிகழ்ச்சியைப் பலர் குருவானவர் அற்புதமாகத் தப்பிய கதையாகவே சொல்லி முடிப்பர். எனக்கோ அகப்பட்டவர்களின் கதையே பெரிதாய்த் தோன்றுகின்றது. தம்மால் அவ்வூர் மேலும் துன்புறலாகாது என்றே போலும், அடுத்த ஆண்டில் யோசேவாஸ் கண்டியரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

கண்டியில் அவருக்குக் கிடைத்த வரவேற்புச் சிறை. 1692இல் அந்நகரை அண்டியபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒருவர் கோள் மூட்ட, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைக் காவலில் வைத்தான். காவல் நாளடைவிலே தளர்ந்தது. 1697இல் அந்நகரில் வைசூரி பரவியது. நோய் கண்டவரைச் சொந்தப் பிள்ளைகளும் காட்டில் விட்டு ஓடினர். யோசேவாசும், அவருடைய மருமகனார் யோசப் கர்வாலியோ என்னும் குருவானவரும் ஓலைக் கொட்டில்கள் அமைத்து, நோயாளரைச் சுமந்து வந்து கிடத்தி, கழுவி, உணவூட்டி, இறந்தவரைப் புதைத்தனர். அந்நோயாளரிற் பெரும்பாலோர் பௌத்தர். முனிவருக்கு அரசன் பூரண சுதந்திரம் அளித்ததற்கு இதுவே சிறந்த காரணம் என்பர். மழை வருவித்த அற்புதம் ஒன்றும் சொல்லப்படுவதுண்டு. அதை நம்புவோர் நம்புக. வைசூரிக் கொட்டில்களை நம்புவதற்கு அற்புதத்தில் நம்பிக்கை வேண்டியதில்லை.

இனி, வன்னிக்கு நேரே தொடர்புடைய செய்திக்கு வருகின்றேன். 1690களில் கோவையிலிருந்து மேலும் சில குருமார் வந்து சேர்ந்தனர். ஆயினும் இலங்கை முழுவதற்கும் ஒரு கைப்பிடிக் குருமாரே இருந்தனர். கிராமம் ஒன்றுக்கு ஆண்டிற்கு ஒருமுறை குருவானவர் வந்தாற் பெரிது. யோசேவாஸ் இதற்கு ஒரு வழி செய்தார். அது புதிதாய்க் கண்ட வழியன்று. குரு வாராத காலத்தில் மக்கள் தாமே செய்துவந்ததற்கு ஒழுங்கும் பெயரும் கொடுத்தார். ஊர்தோறும் ஒரு மூப்பர், ஓர் அண்ணாவியார். மூப்பர் கோவிலையும் அதன் உடைமையையும் பார்த்துக்கொள்வார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார், சாவு வீட்டில் முன்னின்று மன்றாடுவார். குருவானவர் வரும்போது எல்லாம் ஆயத்தமாயிருக்கும்; போன பின்பும் எல்லாம் நடந்துகொண்டிருக்கும்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் இந்த ஒழுங்குக்கு ஏற்ற நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவசு காலத்தில் ஊரார் கூடியிருக்க ஒருவர் இராகத்தோடு வாசிக்கும் நூல். வாசிப்பவர் குருவாயிருக்க வேண்டியதில்லை. எழுத்தறிந்த ஒரு கமக்காரனோ கடற்றொழிலாளனோ வாசிக்கலாம். குருவுக்குரிய பிரசங்கத்தை ஊரவனின் வாயில் வைத்த அந்தச் சிறிய ஏற்பாட்டிலே எவ்வளவு பணிவு இருக்கின்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது பிச்சை எடுப்பதிலும் கடினமானது. யோசேவாசுக்கு ஆயர் நிலைப் பதவியளிக்கப் பாப்பரசரின் தூதர் எண்ணியபோது அவர் அதனையும் விரும்பவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியில் அவர் காலமானபோது இலங்கையில் எழுபதினாயிரம் கத்தோலிக்கர் இருந்தனர் என்று கணக்குச் சொல்வர்.

இவ்வளவு சொன்ன பின்னர் மறுபுறத்தையும் சொல்லாது விடுவது நேர்மையன்று. துன்பம் ஒன்றுபடுத்திய இச்சபையைச் சுகம் பிரித்தது. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்து, 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. கோவில்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தன. அக்கோவில்களுள் யார் எங்கே இருப்பது என்ற வழக்கும் எழுந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்கள் சிலவற்றிற் சாதிக்கொரு கோவில். வேறு சிலவற்றில் ஒரே கோவிலுள் சாதிக்கொரு பக்கம். இருபதாம் நூற்றாண்டிலும் இது நீங்கவில்லை. புரட்டெஸ்தாந்து சபையினரும் இதிற் குற்றமற்றவர் அல்லர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் அரசினரின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற பேச்செழுந்தபோது குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நெஞ்சிலே செபமாலையை மறைத்துக்கொண்டு ஒரே கொட்டிலில் நெருங்கி முழந்தாளிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அகன்ற மண்டபத்தில் இடம் போதவில்லை.

மடுவின் காடு இவ்வகையில் ஓரளவு வேறுபட்டது. ஆடி மாதம் 2ஆந் திகதித் திருநாளுக்கு நாற்றிசையிலிருந்தும் மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் வந்தோர் மரங்களின் கீழ் ஓலைக் கொட்டில் கட்டித் தங்கினர். தமிழரும் சிங்களவரும் வந்தனர். சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்து வந்தனர். காட்டிலே கிணறு ஒன்று, நிழல் ஒன்று. பக்கம் பிரித்துக் குந்துவதற்கு வசதி குறைவு. ஊருக்குத் திரும்பியதும் பழைய பக்கங்களிற் போய் அமர்ந்தனர் என்பதும் உண்மையே.

மல்லாவியின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 1995ஆம் ஆண்டின் பின்னரே. அவ்வாண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு எழுந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். மறு ஆண்டு கிளிநொச்சியும் போர்முனையாக, அந்நகரத்தாரும் காட்டுப்புறம் ஒதுங்கினர். வயல்களுக்கு நடுவே ஒரு சிறு சந்தியாயிருந்த மல்லாவி சில மாதங்களுக்குள் அகதிகளின் பட்டினமாயிற்று. மருத்துவமனை, தொண்டு நிறுவனங்கள், சந்தை ஆகிய யாவும் அங்கே குவிந்தன. தறப்பாளின் கீழே குடியிருந்தவருக்கு அயலான் எந்தக் கோவிலைச் சேர்ந்தவன், எந்தச் சாதியைச் சேர்ந்தவன் என்று தெரிவு செய்ய வாய்ப்பில்லை. குடாநாட்டில் வேலி பிரித்த மக்களை வன்னியின் வெட்டை ஒன்றாய் இருத்தியது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் முன்னோர் ஓடி வந்த அதே திசைக்கு, ஏறத்தாழ அதே காரணத்துக்காக அவர்கள் மீண்டும் வந்திருந்தனர்: வீட்டில் இருந்தால் உயிர் தப்பாது.

மடுத் திருத்தலமும் 1990 முதல் அகதிகளின் உறைவிடமாயிருந்தது. அங்கே அடைக்கலம் தேடியோரிற் சைவரும் இருந்தனர். எவரிடமும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆந் திகதி அக்கோவில் வளவில் எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஏப்பிரலிற் போர் நெருங்கி வந்தபோது குருமார் மடுமாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டனர். வெள்ளாங்குளத்துக்கு அயலிலுள்ள கடற்கரை ஊராகிய தேவன்பிட்டியில் அதை வைத்தனர். மாந்தையிலிருந்து காட்டுக்கு வந்த சொரூபம், காட்டிலிருந்து மீண்டும் கடற்கரைக்குப் போனது. அவ்வாண்டு ஆகஸ்டிற் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. செப்ரெம்பர் தொடக்கத்தில் மல்லாவியும் படையினர் வசமானது; அங்கிருந்த மக்கள் அதற்கு முன்னரே மூட்டை கட்டிக் கிழக்கு நோக்கிச் சென்றுவிட்டனர். சொரூபத்துக்கு வீடு திரும்ப ஏறத்தாழ நான்கு மாதங்கள் போதுமாயிருந்தன. மக்களுக்கு அதனினும் நெடுங்காலம் ஆயிற்று, திரும்பாதவரும் பலர்.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி, தைப்பொங்கலுக்கு முதல் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் காலையிற் கொழும்பு காலிமுகத் திடலில் யோசேவாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்தார். பிற்பகலில் மடுவுக்கு வந்தார். போரிலே மகனையோ கணவனையோ பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் அம்மரங்களின் கீழ் அவருக்காக ஒரே இடத்தில் காத்திருந்தன.